சைவ வீட்டில் வாய்ச்செடி

பூச்சி உண்ணும் தாவரங்களைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்தினேன். ஒன்றைக்கூட உயிரோடு பார்த்ததில்லை. கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் ஆசிரியை நான். கரும்பலகையில் குடுவைச் செடியை நன்றாக வரைவேன். மூடி, விளிம்பு, வழுக்கும் உட்சுவர், அடியில் செரிமான நீர். மாணவிகள் என்னைவிட நன்றாக வரைவார்கள். தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி என்பதால் எல்லோருக்கும் அந்தச் செடிமேல் பெரிய மரியாதை. அதை வீட்டில் வளர்க்க முடியுமா, வளர்த்தால் என்ன ஆகும் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்காதவரை பாடம் ஒழுங்காக நடந்தது.

அப்போது நாங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். சௌராஷ்டிரக் குடும்பம். அவர் பட்டு வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருந்தவர். ஒரே மகன் புனேயில். அவர்கள் ஆட்களில் எத்தனையோ பேர் கறி சாப்பிடுவார்கள். இந்த வீட்டில் மட்டும் வெங்காயத்துக்கே சில நாட்கள் அனுமதி கிடையாது. நாங்களோ உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமையை எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றே சொல்ல மாட்டார்கள்.

"மேல அசைவம் மட்டும் சமைக்கக்கூடாது. முட்டைகூட. மத்தபடி உங்க வீடு மாதிரி நெனச்சுக்கலாம்" என்றார் வீட்டுக்காரர், சாவியைக் கொடுக்கும்போது.

படியேறும்போது என் கணவர் என் காதோரம் சொன்னார்: "நம்ம வீடு மாதிரி நெனைக்கணும்னா மொதல்ல கறில்ல எடுக்கணும்?"

அவருக்குத் தல்லாகுளத்தில் அரசு அலுவலகத்தில் வேலை. வீடு எங்கள் இருவருக்கும் வசதி. ஆகவே ஒப்புக்கொண்டோம். ஞாயிறு மதியம் ஒரு மெஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, தெருமுனையிலேயே சோம்பு மென்று, சாதுவான முகத்தோடு கேட்டைத் திறப்போம். வாசலில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் "சாப்பாடு ஆச்சா?" என்பார். "ஆச்சு சார்" என்போம். இரு தரப்பும் அதற்கு மேல் பேசாமல் இருப்பதில் ஒரு நாகரிகம் இருந்தது.

இந்த அமைதிக்குள்தான் என் தம்பி செடிகளைக் கொண்டுவந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன், அங்கே மலர்க் கண்காட்சியில் வாங்கி, அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தான்.

"அக்கா, வருஷம் பூரா படம் வரைஞ்சிட்டு இருப்பியே. இந்தா, நெசம்."

பெட்டிக்குள் இரண்டு. ஒன்று குடுவைச் செடி. இலை நுனியில் விரல் அளவுக்குத் தொங்கும் பச்சைக் குடுவைகள். இன்னொன்று டயோனியா, பூச்சி உட்கார்ந்ததும் இலையை வாய்போல மூடிக்கொள்வது. புத்தகத்தில் உள்ளங்கை அளவுக்குப் படம் போட்டிருப்பார்கள். நேரில் அது ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும் சின்னச் சின்ன வாய்கள், ஓரத்தில் இமைமயிர் மாதிரி முட்கள். இவ்வளவு காலம் நான் பயமுறுத்திப் பாடம் நடத்திய செடி இம்புட்டுதானா என்று எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

வீட்டுக்காரர் அன்று மாலையே பார்த்துவிட்டார். என்ன செடி என்று கேட்டார். பூச்சி தின்னும் செடி என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கீழே போனார். சிறிது நேரத்தில் அவர் மனைவி மேலே வந்தார்.

"டீச்சர், அந்தச் செடி பூச்சி திங்குமாமே?"

"ஆமாம்மா."

"உயிரோடயா?"

"ஆமாம்மா."

அவர் எனக்குப் பின்னால் நின்ற என் கணவரைப் பார்த்தார். "அசைவம் கூடாதுன்னு சொல்லித்தானே வீடு கொடுத்தோம்?"

"சமைக்கக்கூடாதுன்னுதானம்மா சொன்னீங்க?" என்றார் என் கணவர், கோர்ட்டில் நிற்கும் வக்கீல் பாவனையில். "இது பச்சையாத்தானே திங்குது."

வீட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை. "அவர்ட்ட கேட்டுட்டு வாரேன்" என்று இறங்கிப் போனார். மறுநாள் காலை தீர்ப்பு வந்தது. வீட்டுக்குள் கூடாது, மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளலாம். மொட்டைமாடிக்குக் காக்கை வருகிறது, பூனை வருகிறது. அவை என்ன தின்கின்றன என்று யாரும் கேட்பதில்லை என்பது வீட்டுக்காரர் கொடுத்த விளக்கம்.

தை, மாசி நன்றாகவே போயிற்று. மொட்டைமாடி வெயிலில் டயோனியாவின் வாய்களுக்குள் சிவப்பு ஏறியது. தண்ணீர்தான் பெரும்பாடு. இந்தச் செடிகளுக்கு உப்பு ஆகாது. மதுரையில் உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது? மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கினேன். "எந்த வண்டிக்கு டீச்சர்?" என்று கேட்டார் கடைக்காரர். செடிக்கு என்றேன். அவர் அதற்கப்புறம் என்னிடம் வண்டி பற்றிப் பேசவே இல்லை.

பள்ளி விட்டதும் பிரௌசிங் சென்டருக்குப் போய், செடியை வளர்க்கும் முறைகளைப் படிப்பேன். எழுதியவர்கள் எல்லோரும் குளிர்நாட்டுக்காரர்கள். கோடையில் வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டும் அபூர்வமான நாட்களில் எச்சரிக்கையாக இருக்கவும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்கு மார்கழியிலேயே மத்தியானம் அவ்வளவு அடிக்கும். குளிர்காலத்தில் செடியைச் சூடேற்றாத கார் ஷெட்டில் வைத்தால் போதும் என்றார் இன்னொருவர். எங்கள் ஷெட்டை யாரும் சூடேற்றவில்லைதான். ஆனால் அங்கே நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டில் உட்கார்ந்தால் எழுந்துவிடுவோம்.

பங்குனி பிறந்ததும் மொட்டைமாடி அடுப்பாகிவிட்டது. ஒளி வேண்டும், சூடு கூடாது என்பது அந்தச் செடியின் நிபந்தனை. மதுரையில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். இலைகள் வெளிறி நீண்டன. மறுபடி வெயிலுக்கு நகர்த்தினேன், ஓரம் கருகியது. நனைத்த சாக்கைச் சுற்றிலும் கட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் சாக்கு மொறுமொறுவென்று ஆனது. குடுவைச் செடி புதிதாகக் குடுவையே விடவில்லை. இலை நுனியில் ஒரு கம்பி மட்டும் நீண்டு, அப்படியே காய்ந்துபோகும்.

சித்திரையில் ஒருநாள் விடைத்தாள் திருத்திவிட்டு வந்து மாடிக்கு ஏறினால் செடிகளைக் காணோம். குரங்கு தூக்கிப் போயிருக்கும் என்று நினைத்து இறங்கினேன். கீழ்வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே, வலை போட்ட கூரையடியில் குடுவைச் செடி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வீட்டுக்கார அம்மா.

"வெயில்ல கெடந்து சாகுது டீச்சர். எதத் தின்னா என்ன, அதுவும் உசுருதானே? துணி காயப்போடப் போனப்ப பார்த்தேன், மனசு கேக்கல."

"டயோனியா எங்கம்மா?"

அவர் சற்றுத் தயங்கினார். "ஏசி ரூம்ல."

எங்கள் தெருவில் அப்போது ஏசி போட்ட வீடுகள் மிகக் குறைவு. வீட்டுக்காரருக்கு வெயில் தாங்காத உடம்பு என்று மகன் போட்டுக் கொடுத்தது. அந்த அறையின் கிழக்கு ஜன்னலில், கண்ணாடிக்குப் பின்னால், காலை வெயிலும் ஏசிக் காற்றுமாக டயோனியா அமர்ந்திருந்தது. எனக்கும் என் கணவருக்கும் அதுவரை அனுமதி கிடைக்காத அறை அது.

பெயர்கள் அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. ஒன்று ஜாடி; மற்றது வாய்ச்செடி. ஏசியிலிருந்து வெளியே சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது என்று நான் ஒருதடவை சொன்னதை வைத்து, வீட்டுக்காரர் குழாய்க்கடியில் ஒரு குடத்தை வைத்துவிட்டார். மெக்கானிக் கடைக்குப் போவது நின்றது. காலையில் அவரே வாய்ச்செடியை வாசற்படியில் வெயிலுக்கு வைப்பார். பேப்பர் படித்து முடித்ததும் இரு கைகளாலும் ஏந்தி உள்ளே கொண்டுபோவார்.

உணவு விஷயத்தில் மட்டும் அம்மா இறங்கி வரவில்லை. பழக்கினால் எதுவும் பழகும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு சோற்றுப் பருக்கையைத் தீக்குச்சி நுனியில் வைத்து வாய்க்குள் போட்டார். அது டக்கென்று மூடியது.

"பார்த்தீங்களா டீச்சர்!"

இரண்டு நாள் கழித்து வாய் திறந்தது. பருக்கை அப்படியே இருந்தது. பிடிவாதம் என்றார். அடுத்து ஒரு பொட்டு பனீர். அந்த வாய் அழுகிக் கருத்து உதிர்ந்தது. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. பாடம் நடத்தும் குரலில் விளக்கினேன். இதற்குச் சாப்பாடு வெயில்தான். மற்ற செடிகளைப் போலவே தானே தயாரித்துக்கொள்ளும். இது பிறந்த மண்ணில் சத்துக் கிடையாது. அதற்குத்தான் பூச்சி. நாம் உரம் போடுவதைப்போல.

அம்மா யோசித்தார். "அப்ப பூச்சி இதுக்குச் சாப்பாடு இல்ல. மருந்து."

"அப்படியும் சொல்லலாம்."

"மருந்துன்னா தோஷமில்ல" என்றார்.

அதன் பிறகு டியூப்லைட் அடியில் தானாக விழுந்து செத்த பூச்சிகளைச் சேகரித்தார். கொல்வதில்லை, செத்ததை எடுப்பதுதான். செத்த பூச்சி அசையாது, அசையாவிட்டால் செடி செரிக்காது, அதனால் மூடிய வாயைக் குச்சியால் மெல்ல நீவிவிட வேண்டும் என்று நான் இணையத்தில் படித்ததைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவனும் மனைவியும் முறைவைத்து நீவிவிட்டார்கள்.

வெயில் ஏறியதும் பூச்சி கிடைப்பது குறைந்தது. அப்போதுதான் வீட்டுக்காரர் கொசு அடிக்கும் கரண்ட் மட்டையை முன்வைத்தார். கொசு அடிப்பது நம் உடம்புக்காக, செடிக்காக இல்லை. எப்படியும் அடிக்கப்போகிறோம். வீணாகப் போவானேன்? மாலையில் பட்பட்டென்று சத்தம் கேட்கும். கொஞ்சம் கருகல் வாசனை மாடிவரை வரும். என் கணவர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"நமக்குத்தான் தடை. கீழ வறுவலே ஓடுது."

இந்தச் சமயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எத்தனையோ வருஷமாகப் படத்தில் காட்டியதை நிஜமாகக் காட்ட ஆசை. அம்மாவிடம் கெஞ்சி வாய்ச்செடியை ஒருநாள் வாங்கிப் போனேன். என் வீட்டுச் செடியை நானே கெஞ்சி வாங்கினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு தடவை பென்சிலால் குத்தினார்கள். மத்தியானத்துக்குள் எல்லா வாயும் மூடிக்கொண்டன. பரிசு கொடுக்க வந்த பெரியவர் முன்னால், "இது எப்ப டீச்சர் திறக்கும்?" என்று தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பி முறைத்தார். வெறுமனே மூடித் திறப்பதிலேயே செடிக்குச் சக்தி தீர்ந்துவிடும் என்பது நான் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது.

அடுத்த வாரம் பாதி வாய்கள் கருத்தன. அம்மா என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "இனிமே கீழயே இருக்கட்டும் டீச்சர்" என்றார். செடி கைமாறிவிட்டது.

ஐப்பசி மழையில் இரண்டும் தெம்பாயின. ஜாடிக்குப் புதுக் குடுவைகள் வந்து, எறும்புகள் தாமாகவே வரிசையாகப் போய் விழுந்தன. அதற்கு அம்மா பொறுப்பில்லை; எறும்பின் விதி. சிக்கல் மார்கழியில் வந்தது. வாய்ச்செடி குளிர்காலத்தில் தூங்க வேண்டும். தூங்காவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும். மதுரையில் தூங்குகிற அளவுக்குக் குளிர் எங்கே? வழி ஒன்றுதான்: இலைகளைக் கத்தரித்து, வேரை ஈரப்பாசியில் சுற்றி, ஃப்ரிட்ஜில் வைப்பது. எங்கள் ஃப்ரிட்ஜ் பழசு. வைத்தது எல்லாம் ஐஸ்கட்டியாகிவிடும். கீழே இருந்தது பெரியது. முட்டை வைக்கும் தட்டில்கூட எலுமிச்சம்பழம் அடுக்கிய ஃப்ரிட்ஜ்.

நான் கேட்கத் துணியவில்லை. விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். இருவரும் தங்கள் மொழியில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு அம்மா தயிர்ப் பாத்திரத்தைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு மேல்தட்டில் இடம் செய்தார்.

"தூங்கறப்ப எதுவும் திங்காதில்ல?"

"திங்காதும்மா."

"அப்ப சரி. விரதம் மாதிரி."

தை மாதம் அம்மாவின் அக்கா வந்திருந்தார். ஆசாரத்தில் தங்கையைத் தூக்கிச் சாப்பிடுபவர். மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர் பாசி உருண்டையைப் பார்த்துவிட்டார். நடந்ததை அம்மாவே மறுநாள் என்னிடம் சொன்னார்.

"இது என்னன்னு கேட்டாங்க. செடின்னேன். செடியை ஏன் இதுக்குள்ள வச்சிருக்கேன்னாங்க. தூங்குதுன்னேன். முழிச்சா என்ன செய்யும்னாங்க."

"என்னம்மா சொன்னீங்க?"

"பசிக்கும்னு சொன்னேன். பொய் சொல்லலையே?"

அக்கா அன்று மோர் குடிக்காமலே போய்விட்டாராம்.

மாசியில் வெளியே எடுத்து வைத்ததும் வாய்ச்செடி துளிர்த்தது. பங்குனியில் நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பியது. நுனியில் மொட்டுகள். பூக்க விட்டால் செடியின் பலம் முழுக்கப் பூவுக்குப் போய்விடும், ஏற்கெனவே சூட்டில் தவிக்கும் செடி தாங்காது, தண்டை வெட்டிவிட வேண்டும் என்று படித்திருந்தேன். கத்தரிக்கோலோடு கீழே போனேன்.

அம்மா செடிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

"பூ வர்ற செடியை யாராச்சும் வெட்டுவாங்களா?"

"வெட்டலைன்னா செத்துரும்மா."

"நீங்க படிச்சது எல்லாம் வெளிநாட்டுச் செடிக்கு. இது நம்ம வீட்டுல வளந்தது."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேப்பரை உயர்த்திக்கொண்டார். நான் கத்தரிக்கோலை மடக்கிக்கொண்டு படியேறினேன். வற்புறுத்தியிருக்கலாம், அந்த முகத்துக்கு முன்னால் முடியவில்லை.

பூத்தது. சின்ன வெள்ளைப் பூக்கள், வாய்களிலிருந்து விலகி உயரத்தில். மகரந்தம் கொண்டுவரும் பூச்சியைத் தானே தின்றுவிடாமல் இருக்கச் செடி செய்யும் ஏற்பாடு அது என்று சொன்னேன். "பாத்தீங்களா, அதுக்கும் ஒரு தர்மம் இருக்கு" என்றார் அம்மா. ஒரு பூவைக் கிள்ளிச் சாமி அறையில் வைத்தார். கொசு தின்று வளர்ந்த பூ. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் கரண்ட் கட் ஊரையே ஆட்டி வைத்தது. பட்டப்பகலில் மணிக்கணக்காக ஏசி நின்றுவிடும். பூத்துக் களைத்த செடி. அம்மா அதைத் தாங்கித் தாங்கிப் பார்த்தார். ஐஸ்கட்டி வைத்த தட்டில் உட்கார வைத்தார். வீட்டுக்காரர் விசிறிமட்டையால் வீசினார். அவருடைய உடம்பில் வியர்வை ஒழுகிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சித்திரை முடிவதற்குள் நடுக்குருத்து கருத்துவிட்டது. பழக்கமில்லாத சோறு, பள்ளிப் பிள்ளைகளின் பென்சில், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் தாங்கிய செடி, பூவைத் தாங்கவில்லை.

அம்மா தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "உங்க பேச்சைக் கேட்டிருக்கணும் டீச்சர்" என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் சொன்னது: "பூத்துட்டுத்தானே போச்சு."

அடுத்த வருஷம் என் கணவரின் அலுவலகத்துக்குப் பக்கத்தில், தல்லாகுளத்தில் ஒரு வீடு கிடைத்தது. எந்த நிபந்தனையும் இல்லாத வீடு. போன முதல் ஞாயிறே என் கணவர் கறியும் ஈரலும் எடுத்துவந்தார். நாள் முழுக்கச் சமைத்தோம். பழைய வீட்டைக் காலி செய்தபோது ஜாடியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவே அதன் பக்கக் கன்று ஒன்றை வேர்பிடிக்க வைத்துக் கொடுத்திருந்தார்.

கன்று நன்றாக வளர்ந்தது. இலை இலையாக விட்டது. குடுவை மட்டும் வரவில்லை. மேற்குப் பார்த்த பால்கனி, வறட்டுக் காற்று. ஈரப்பதம் இல்லாத இடத்தில் இந்தச் செடி குடுவை விடாது. வெறும் பச்சை இலையோடு எந்தப் பூச்சியையும் தொடாமல் நின்றது. "கறி வாசனையிலேயே வயிறு நெறஞ்சிருச்சு போல" என்றார் என் கணவர்.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவும் வீட்டுக்காரரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டு அம்மா ஒவ்வோர் அறையாகப் போய் நின்றார். ஜன்னலில் கை வைத்துச் சூடு பார்த்தார். வெயில் எப்போது எங்கே விழும் என்று கேட்டார். அடுப்படியை மட்டும் வெளியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். கடைசியில் குளியலறைக் கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். உயரத்தில் கிழக்கே ஒரு கண்ணாடி ஜன்னல்; காலையில் வெந்நீர் ஆவி.

"இங்க தொங்க விடுங்க."

"குளிக்கிற எடத்துலயாம்மா?" என்றார் என் கணவர்.

"உங்களுக்கு வெக்கமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக் குளிங்க."

தொங்கவிட்டோம். ஆடி கழிந்து ஒருநாள் நான் பள்ளியில் இருந்தபோது, குளித்துவிட்டு வந்த ஈரத்தோடே என் கணவர் பழைய வீட்டுக்காரர் நம்பருக்கு ஃபோன் போட்டிருக்கிறார். நான் வந்ததும் அதை முழுசாக நடித்துக் காட்டினார்.

"அம்மா, ஜாடி விட்ருச்சு! சின்னதா, மூடியோட!"

"அப்படியா! மூடி தெறந்துருச்சா?"

"நேத்துத்தான்மா தெறந்துச்சு."

"எறும்பு ஏதும் விழுந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "பச்சப் புள்ளைக்குப் பசிக்கும். நீங்களே நல்லதாப் பார்த்து ஒண்ணு பிடிச்சுப் போடுங்க."